தபாலும் வரியும் தனி

பாலன் என்று எழுதினால் முடிவில் வருவது ரெண்டு சுழி. கோலசிலாங்கூர்ப் பாத்திரக் கடை வாசலில் உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்து பேர் வெட்டிக்கொண்டிருந்தவனுக்கு அது தெரியவில்லை. தெரிந்தும் கை தப்பிவிட்டதோ என்னவோ, எவர்சில்வர் கேரியரின் மூடியில் புள்ளி புள்ளியாக 'செ. பாலண்' என்று இறக்கிவிட்டான்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நல்லம்மாள் அதைப் பார்த்தாள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அப்படிப் படிக்கிறவர்களுக்கு ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் கண்ணில் படும்.

"மூணு சுழி போட்டு வச்சிருக்கான். கொண்டுபோயி மாத்திட்டு வாங்க" என்றாள் புருஷனிடம்.

வெட்டின பேரை எப்படி மாற்றுவது என்று செல்லையாவுக்குத் தெரியவில்லை. பாலன்தான் சிரித்தான்.

"விடும்மா. ஊர்ல ஆயிரம் பாலன் இருப்பான். மூணு சுழி பாலன் நான் ஒருத்தன்தான். தொலைஞ்சாலும் கண்டுபிடிச்சிரலாம்லா."

கிள்ளானில் லோரிப் பட்டறை ஒன்றில் அவனுக்கு வேலை கிடைத்திருந்த சமயம் அது. ரெண்டு வருடம் அந்தக் கேரியரில்தான் சோறு கொண்டுபோனான். பிறகு ஒருநாள் வேலையை விட்டுவிட்டு தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்து நின்றான். முதலாளி கை நீட்டினானாம். அதை அவன் சொல்லி முடிப்பதற்குள் செல்லையா வாயைத் திறந்தார். அவர் அதிகம் பேசாத மனிதர். பாமாயில் ஆலையில் பாய்லர் பக்கத்திலேயே வேலை செய்து, அந்த இரைச்சலில் பேசிப் பயனில்லை என்று பேச்சையே விட்டவர். ஆனால் அன்றைக்குப் பேசினார்.

"சோத்துக்கு வந்துட்டியா?"

அவ்வளவுதான் கேட்டார். பையன் மறுபடி பையை எடுத்துக்கொண்டான். நல்லம்மாள் அடுப்படிக்கு ஓடி, ஆக்கியிருந்ததை அப்படியே அந்தக் கேரியரில் போட்டு, பஸ் நிற்கும் இடம்வரை பின்னாலேயே போய்க் கையில் திணித்துவிட்டு வந்தாள். கேரியர் வீட்டுக்குத் திரும்பி வரவேண்டிய சாமான். அதைக் கொண்டுவரவாவது வருவான் என்று அவள் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

அவன் வரவில்லை. கடிதமும் இல்லை. கிள்ளானில் தேடினார்கள், பந்திங் பக்கம் போனான் என்றார்கள், சிங்கப்பூர் என்றார்கள். வருடங்கள் போயின. நல்லம்மாள் அழுகையை விட்டு ஏச்சுக்கு வந்து சேர்ந்தாள். சோறு வடிக்கும்போதும், துணி பிழியும்போதும், புருஷன் காதில் விழும்படியும் விழாதபடியும் அதே ஏச்சுத்தான்.

"ரெண்டு வரி எழுதிப் போட்டா கை தேஞ்சிருமா? ரெண்டே வரி."

செல்லையா தன் ரெண்டு வார்த்தையையும் அவளுடைய ரெண்டு வரியையும் மனசுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

எண்பத்தைந்தாம் வருடம், மழை தொடங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்லம்மாள் சிம்பாங்குக்குச் சாமான் வாங்கப் போனாள். ஜெராம் சாலை பிரிகிற அந்த முனையில் ஜெய்னுலாப்தீனின் மளிகைக் கடை. தோட்டத்துச் சனங்கள் அவரை நானா என்பார்கள். தோட்ட ஆபீஸ் கிராணி கண்ணில் படக்கூடாத கடிதங்களை ஆட்கள் அவர் கடை விலாசத்துக்குத்தான் வரவழைத்துக்கொள்வார்கள். வாரப் பத்திரிகை ஒன்று வாங்குவார். தான் படித்து முடித்ததும் கேட்பவர்களுக்குக் கொடுப்பார். அதில் கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கம் 'தபால் ஏலம்' என்று ஒரு பகுதி வரும். கோலாலம்பூரில் ஏதோ ஒரு கம்பெனி, பெட்டி எண் மட்டும்தான் விலாசம். பழைய ரேடியோ, கைக்கடிகாரம், தையல் மெஷின் என்று சின்னச் சின்ன எழுத்தில் வரிசையாகப் போட்டிருப்பார்கள். வேண்டியவர் தன் கேள்வியை, அதாவது கொடுக்கிற விலையை, அட்டையில் எழுதிப் போடவேண்டும். கூடக் கேட்டவருக்குச் சாமான்.

செல்லையா ஆலையிலிருந்து வந்து குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் ஓடிவந்தாள். நாற்பத்தெட்டு வயதுக்காரி ஓடி அவர் பார்த்து நெடுநாள் ஆயிற்று. முந்தானைக்குள் பத்திரிகையை நனையாமல் பொத்தி வைத்திருந்தாள்.

"இதப் படிங்க."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு படித்தார். 'எவர்சில்வர் சாப்பாட்டுக் கேரியர். மூன்று அடுக்கு. நல்ல நிலை. மூடியில் செ. பாலண் எனப் பெயர் உண்டு. தொடக்கக் கேள்வி ஐந்து வெள்ளி. தபாலும் வரியும் தனி.'

அந்த மூன்று சுழியை அவர் மறுபடி மறுபடி பார்த்தார். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அவளே குனிந்து அதை அடைத்தாள்.

"பேரோட போட்டிருக்கான் பாத்தீங்களா. எந்தக் கிறுக்கன் பழைய கேரியர விக்கிறதுக்குப் பேரச் சொல்லி விப்பான்? நம்ம கண்ணுல படணும்னுதான் போட்டிருக்கான். நேரா எழுத ரோசம். உங்க புள்ளதானே."

"அது கம்பெனிக்காரன் போடறது, புள்ள."

"கம்பெனிக்காரனுக்கு மூணு சுழி எப்படித் தெரியும்?" என்றவள், கடைசி வாக்கியத்தில் விரலை வைத்தாள். "இதப் படிங்களேன். தபாலும் வரியும் தனி. கேரியரு முதல்ல வருமாம். தபாலு தனியா வருமாம். வரியும் எழுதுவானாம். நான் ரெண்டு வரி, ரெண்டு வரின்னு இங்க கத்துறது அவனுக்குக் கேட்டிருக்கு."

செல்லையா வாய் திறந்து சொல்லியிருக்கலாம். தபால் என்றால் அனுப்புகிற செலவு, வரி என்றால் கவர்மெண்டு வரி, ரெண்டையும் விலையில் காட்டாமல் பின்னால் கறப்பதற்காகப் போடுகிற வாக்கியம் அது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்திருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்தார். மழைத் தண்ணீரா வேறேதுமா என்று தெரியாதபடி நனைந்து, உள்ளேயிருந்து ஏதோ வெளிச்சம் அடிப்பதுபோல் இருந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். பேசாமல் இருந்தே பழகியவருக்கு அது எளிதாகவும் இருந்தது.

அட்டை எழுத ஜெய்னுலாப்தீன் கடைக்குத்தான் போனார்கள்.

"என் பேர்ல எழுதுங்க நானா. அவரு பேரப் பாத்தா அவன் கோவத்துல கொடுக்காமப் போயிருவான்" என்றாள் நல்லம்மாள்.

"எவ்வளவு போடட்டும், தங்கச்சி?"

"இருபது."

ஜெய்னுலாப்தீன் பேனாவைக் கீழே வைத்தார். "பழைய கேரியருக்கு இருபதா? புதுசே என்கிட்ட பதினெட்டுத்தான். தங்கச்சிக்குன்னா பதினேழுக்குத் தருவேன்."

"உங்க கேரியர்ல எம்புள்ள பேரு இருக்கா?"

அவர் மறுபடி பேனாவை எடுத்து எழுதினார். அவள் அரிசி பார்க்கத் திரும்பியபோது செல்லையாவின் பக்கம் சாய்ந்து தணிந்த குரலில் பேசினார். "இவனுங்க ஏலம் எனக்குத் தெரியும், செல்லையா. ஆடு அஞ்சு வெள்ளிம்பான், கயிறு அம்பது வெள்ளிம்பான். கயித்த விட்டுட்டு ஆட்ட மட்டும் கொடுன்னா கொடுக்கமாட்டான். போன வருசம் காளியண்ணன் ஒரு டார்ச்லைட்டு எடுத்தான். டார்ச்லைட்டு மூணு வெள்ளி. தபாலு ஒம்பது வெள்ளி. நடந்து போயி வாங்கியிருக்கலாம்."

"தெரியும் நானா."

"அந்தக் கடைசி வரி..."

"தெரியும்" என்றார் செல்லையா மறுபடி. ஜெய்னுலாப்தீன் அவரை உற்றுப் பார்த்துவிட்டு அதோடு விட்டுவிட்டார்.

ஏலம் அவர்களுக்கே விழுந்தது. செய்தியோடு கணக்கும் வந்தது; அன்று கடைக்குப் போனவர் செல்லையா. கேரியர் இருபது வெள்ளி. அதற்குக் கீழே தபால், கட்டுக்கூலி, இன்சூரன்ஸ், விற்பனை வரி, மெருகு என்று ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கி, கூட்டினால் கேரியரின் விலையைத் தாண்டி நின்றது.

"பழைய சாமானுக்கு ஏது வரி?" என்று ஜெய்னுலாப்தீன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்சூரன்ஸாம். கப்பல்லயா வருது? வேணான்னு எழுதிப் போடட்டுமா?"

"கட்டிருங்க. சம்பளத்துல தர்றேன்."

"மெருகுன்னு ஒண்ணு போட்டிருக்கான், பாத்தியா. அது என்ன?"

"அதுவும் மத்ததுமாதிரி ஒரு பொய்தான்."

பணம் போனது. வீட்டில் நல்லம்மாள் மாறியிருந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்தாள். பக்கத்து வீட்டு நாகமணியிடம், "எம்மவன் எழுதப் போறான்" என்றாள். ஏசுவதை நிறுத்தியிருந்தாள். இத்தனை வருடம் கேட்டுக் கேட்டுக் காதில் தழும்பாகிவிட்ட அந்த ஏச்சு இல்லாமல் வீடு வெறிச்சென்று இருந்தது. செல்லையா சாப்பிட்டுக்கொண்டே அந்த அமைதியைக் கேட்டார். சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு பிடி சோற்றுக்கும் நினைத்தார். கை கழுவும்போது நாளை என்று தோன்றும்.

பார்சல் ஒரு வியாழக்கிழமை வந்தது. இருவருமே கடையிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவள் கயிற்றை அறுக்கவில்லை. முடிச்சை நகத்தால் நிமிண்டி அவிழ்த்தாள். பழுப்புத் தாள், அதற்குள் பத்திரிகைத் தாள், அதற்குள் கேரியர். கண்ணாடிபோல் பளபளத்தது. அவள் மூடியைக் கையில் எடுத்தாள்.

மூடியில் ஒன்றும் இல்லை.

திருப்பிப் பார்த்தாள். உட்புறம் பார்த்தாள். வெளிச்சத்துக்காக வாசல்வரை கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாள். தேய்த்துத் தேய்த்து வழவழவென்று ஆக்கியிருந்தார்கள். அவள் முகம் மட்டும் அதில் கோணலாகத் தெரிந்தது.

செல்லையாவுக்குப் புரிந்தது. அந்தக் கணக்கில் போட்டிருந்த எல்லாமே பொய். அவர் காசு கொடுத்து அவர்கள் உண்மையிலேயே செய்த ஒரே வேலை மெருகுதான்.

"வேற கேரியர மாத்தி அனுப்பிட்டானா?" என்றாள்.

அவர் கைப்பிடியைப் பார்த்தார். கிளிப் ஒரு பக்கம் வளைந்திருந்தது. பட்டறையில் கீழே போட்டுவிட்டதாக அவன் சொன்ன வளைசல். "இல்ல. இதுதான்" என்றார்.

அவள் மூன்று அடுக்கையும் பிரித்து ஒவ்வொன்றுக்குள்ளும் கையை விட்டாள். சுற்றிவந்த தாள்களை ஒவ்வொன்றாக உதறினாள். பிறகு தனக்குத்தானே தலையை ஆட்டிக்கொண்டாள்.

"தனியான்னுதானே போட்டிருந்தான். தனியா வரும்."

மறுநாள் செல்லையா வேலைக்குப் போகும் வழியில் கடையில் நின்று, கம்பெனிக்குப் போன் போட்டுத் தரச் சொன்னார். பெட்டி எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு நம்பர் இருந்தது. எடுத்தவன் இளைஞன், தமிழன்தான்.

"பேர யாரு அழிக்கச் சொன்னா, தம்பி?"

"மெருகுக்குக் காசு கட்டியிருக்கீங்களே, அங்கிள். கட்டினா போட்டுத்தானே அனுப்பணும். வேற ஆளு பேர் போட்ட கேரியர யார் வச்சிருப்பா?"

"அது யார்கிட்டேருந்து வந்துச்சு?"

"மொத்தமா எடுக்கிறதுதான். லாட்ஜ்ல விட்டுட்டுப் போன பெட்டி, வாடகை கட்டாதவன் சாமான். போர்ட் கிள்ளான்ல ஒரு லாட்ஜ் மூடறாங்கன்னு எடுத்தோம்."

"விட்டுட்டுப் போனவங்க திரும்பி வரலியா?"

"வந்திருந்தா நாங்க ஏன் அங்கிள் விக்கிறோம்."

"பெட்டியில வேற என்ன இருந்துச்சு?"

"அதெல்லாம் அந்த வாரமே போட்டு வித்தாச்சு. சட்டை, ரேடியோ, ஒரு ஸ்பேனர் செட்டுன்னு நெனைக்கிறேன். நீங்க பேப்பர் பாத்திருப்பீங்களே."

பார்த்திருந்தார். அதே பக்கம், அதே பத்தி. கேரியருக்கு மேலும் கீழும் இருந்தவற்றை அவர் கண் தாண்டிப் போயிருந்தது. சட்டைக்கு எத்தனை பேர் கேட்டிருப்பார்கள். போனை வைத்தார். ஜெய்னுலாப்தீன் கல்லாவைப் பார்த்துக்கொண்டு நின்றார்; என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. செல்லையா ஆலைக்குப் போய் அன்று முழுவதும் பாய்லரின் கண்ணாடிக் குழாயில் ஏறி இறங்கும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலையை விட்டவன், வீட்டை விட்டவன், அம்மா கொடுத்த கேரியரை மட்டும் விடாமல் கொண்டுபோய் ஒரு லாட்ஜ் பெட்டிக்குள் வைத்திருக்கிறான். சட்டையைக்கூட எடுக்காமல் எங்கே போவான் ஒருத்தன். அதற்குமேல் நினைப்பை நகர்த்த அவருக்குத் துணிவில்லை.

அதையும் அவர் வீட்டில் சொல்லவில்லை. சொல்லாமல் வைத்திருப்பது இப்போது ரெண்டாயிற்று.

நல்லம்மாள் தினமும் சிம்பாங்குக்கு நடந்தாள். உப்பு வேண்டும் என்பாள், நெருப்புப்பெட்டி என்பாள். ஜெய்னுலாப்தீன் அவளைத் தூரத்தில் கண்டதுமே தலையை இடமும் வலமும் ஆட்டிவிடுவார், உள்ளே வந்து கேட்கிற சங்கடம் அவளுக்கு வேண்டாமென்று. ரெண்டு வாரம் தாண்டியது. பழைய ஏச்சு திரும்பி வந்தது. இந்தத் தடவை அதில் வேறொரு கசப்பு சேர்ந்திருந்தது.

"எழுதுறேன்னு பேப்பர்ல போட்டுட்டு எழுதாம இருக்கான் பாருங்க. சொன்ன சொல்லக் காப்பாத்தாதவன். அப்பன்மேல கோவம், சரி. பெத்தவளுக்குச் சொன்ன சொல்லு என்னாச்சு?"

இதைக் கேட்பது பழையதைவிடக் கொடுமையாக இருந்தது. கொடுக்காத வாக்குக்காக அவன் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தான். அந்த வாக்கைக் காசு கொடுத்து வாங்கியவர் செல்லையா.

ஒருநாள், மதியச் சங்கு ஊதி ஆட்கள் சாப்பிட உட்கார்ந்த நேரம். செம்பனைக் குலைகளைக் கொட்டும் மேடைக்குப் பக்கத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். ஆலைக் கதவுப் பக்கம் யாரோ அவரைக் கூப்பிட்டுக் கைகாட்டினார்கள். நல்லம்மாள். சிம்பாங்கிலிருந்து நேராக ஆலைக்கே வந்து, மேடைவரை நடந்து வந்தாள். மூச்சு இரைத்தது. நீட்டிய கையில் ஒட்டுப் பிரிக்காத ஒரு கவர்.

"வந்திருச்சு" என்றாள். "நானா கையில கொடுத்தாரு. எம்பேரு போட்டிருக்கு. எனக்குப் படிக்க முடியல, எழுத்தெல்லாம் ஓடுது. நீங்க படிங்க."

கவரின் மேல் டைப் அடித்த விலாசம். மூலையில் அந்தப் பெட்டி எண். அதை அவள் பார்த்திருக்கவில்லை, அல்லது பார்த்தும் அவளுக்கு அது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

அவர் எண்ணெய்க் கையை வேட்டித் துண்டில் துடைத்துவிட்டுக் கவரைப் பிரித்தார். 'தங்கள் பார்சலின் எடை கூடியதால் தபால் கட்டணத்தில் மூன்று வெள்ளி அறுபது காசு குறைகிறது. உடன் அனுப்பி வைக்கவும்.' ரெண்டே வரி.

"என்ன எழுதியிருக்கான்?"

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவருக்கு அது தோன்றியது. தாள் அவர் கையில் இருக்கிறது. அவளால் படிக்க முடியவில்லை. ரெண்டு வரி சொன்னால் போதும். மகன் எழுதியதுபோல ரெண்டு வரி. அவர் வாயைத் திறந்தார். அம்மா என்று தொடங்குவானா? அன்புள்ள அம்மாவுக்கு என்பானா? பிறகு என்ன சொல்வான், நல்லா இருக்கேன் என்றா, சாப்பிட்டேன் என்றா? அப்பாவைக் கேட்டதாக ஒரு வார்த்தை எழுதுவானா, மாட்டானா? பெற்று இருபது வருடம் ஒரே கூரைக்குக் கீழே வளர்த்த பையன் எப்படிக் கடிதம் எழுதுவான் என்று அவருக்குத் தெரியவில்லை. அவன் பேச்சை அவர் அந்த அளவுக்குக் கேட்டதே இல்லை.

பின்னால் குலைகள் சரிந்து விழுந்தன. அவள் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கம்பெனிக்காரன் எழுதியிருக்கான்" என்றார் கடைசியில். "தபால் காசு பத்தலையாம்."

"தபாலு இதுதானே?"

"இல்ல, புள்ள. தபாலுன்னு அவன் போட்டது அனுப்புற கூலி. வரின்னா கவர்மெண்டு வரி. அதத்தான் தனின்னு போட்டிருந்தான். கடுதாசி இல்ல."

அவள் அதை உள்ளுக்குள் திருப்பித் திருப்பிப் பார்ப்பது தெரிந்தது, மூடியைத் தடவினாளே அப்படி.

"உங்களுக்கு எப்பலேருந்து தெரியும்?"

"அன்னைக்கே."

ஏசுவாள் என்று காத்திருந்தார். அவள் ஏசவில்லை.

"அப்ப எழுதுறேன்னு அவன் சொல்லவே இல்லையா?"

"சொல்லல."

"சொல்லாதவனப் போயி சொல்லு தவறினவன்னு ஏசிக்கிட்டு இருந்திருக்கேன்" என்றாள். குரல் உயரவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "போன்ல பேசினீங்கன்னு நானா சொன்னாரு. என்ன பேசினீங்கன்னு சொல்லல. நானும் கேக்கல. இப்பச் சொல்லுங்க."

சொன்னார். லாட்ஜைச் சொன்னார், பெட்டியைச் சொன்னார். சட்டையைச் சொன்னார். திரும்பி வரவில்லை என்று அந்தப் பையன் சொன்னதையும் சொன்னார். வாழ்க்கையில் அவளிடம் அவர் ஒரே நேரத்தில் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான் இருக்கும். முடிந்ததும் அவள் அவர் கையிலிருந்த தாளை வாங்கி, எழுத்துக் கூட்டி, உதடு அசைய, முழுவதும் தானே படித்தாள்.

"மூணு வெள்ளி அறுவது காசு."

"அது பொய்க் கணக்கு. வீட்டுக்கு வந்து சேர்ந்த பார்சலுக்கு எடை கூடிருச்சாம். கட்ட வேண்டியதில்ல."

"கட்டிருங்க."

"எதுக்கு, நல்லம்மா?"

"அவன் பேர்ல பாக்கி நிக்க வேணாம்."

தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால், கருமாதிக்கு முன்னால் வீட்டார் கடை கடையாகப் போய் இந்தப் பேச்சைத்தான் பேசி, செத்தவர் கடனை அடைப்பார்கள். செல்லையாவும் தன் அப்பனுக்காகப் போய்ப் பேசியிருக்கிறார். அவள் வாயில் அது வந்ததைக் கேட்டதும் அவர் மேடையின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

அவள் தாளை மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தாள். குலை ஏற்றி உள்ளே வந்த டிராக்டருக்கு ஒதுங்கி வழிவிட்டாள். பிறகு தலையில் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, கல் சாலையில் லயத்தைப் பார்க்க நடந்தாள்.